கேமராவைப் பார்க்காதீர்கள்

"பஸ் ஏறிட்டனுங்ணா, சன்னலோரம் எடங்கூடக் கெடச்சிருச்சு" என்று பவதாரணி அந்தியூரிலிருந்து பேசி வைத்தபோது, லோகநாதனின் ஸ்டுடியோச் சுவரில் மணி பத்து ஐந்து. அந்தியூரிலிருந்து கோபிக்கு ஒரு மணி நேரம். அத்தாணியில் ஆள் ஏற்ற நின்றால் மேலும் ஐந்து நிமிடம். பேருந்து நிலையத்திலிருந்து இந்த மாடிப்படி வரைக்கும் நடையாக ஐந்து. ஆகப் பதினொன்றே கால் வரையில் அவனுக்கு அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்துக்குள் அவன் செய்து முடிக்க நினைத்த காரியமோ மிகச் சிறியது. திரையில் ஏழு படங்களைத் தேர்ந்து ஒரு விசையைத் தட்டினால் அவை அழிந்துவிடும். ஒரு நொடியில் தீர்கிற காரியத்துக்கு எழுபது நிமிடம் கையில் இருப்பது எத்தனை கொடுமையென்று அவனுக்கு இதுவரை தெரியாது. பதினைந்து நாளுக்கு முன் இந்தப் பெண்ணின் கல்யாணத்தை அவன் படமெடுத்தான். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் விடியலில் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அவளுடைய அப்பா குழந்தைசாமி வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். நாளை மறுநாள் பதினாறாம் நாள் காரியம். வாசலில் மாலை போட்டு வைக்கப் பெரிய படம் வேண்டும். நேற்றுப் பிற்பகல் அவள் கேட்டாள்: "நீங்க நல்லாருக்குதுன்னு குடுத்ததெல்லாம் பாத்தாச்சுங்ணா. வேண்டாம்னு ஒதுக்குனதும் இருக்குமில்லீங்? அதுல அப்பா இருக்கறது ஒண்ணு உடாமப் பாக்கோணும்." அதற்கென்ன அம்மிணி, தாராளமா வாங்க என்று அவனும் சொல்லிவிட்டான். சொல்லும்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது. இன்று காலைதான், ஒதுக்கிய படங்களின் அடுக்கைத் திறந்து, குழந்தைசாமியின் முகத்தை மட்டும் பொறுக்கி எடுத்து நேரவரிசைப்படி வைத்தான். ஏழு படங்கள். ஏழிலும் அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்தவர்களை ஒதுக்குவதுதான் அவன் தொழில். மனிதர்கள் தம்மை மறந்திருக்கிற கணத்தை அவர்கள் அறியாமல் எடுப்பதற்குக் கேண்டிட் என்று பெயர். அதில் கோபி வட்டாரத்தில் அவனுக்கு நல்ல பெயர். தூரத்திலிருந்து நீண்ட லென்ஸால் எடு, கூட்டத்தோடு கூட்டமாக நில், நீ அங்கே இல்லையென்று அவர்கள் நம்ப வேண்டும், என்று அவன் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு. எவர் விழியாவது லென்ஸைத் தொட்டுவிட்டால் அந்தப் படம் செத்தது. ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம். ஒரு படத்துக்கு அரை நொடி. இடக்கையில் டீக் கோப்பை, வலக்கையில் படத்தை ஒதுக்கித் தள்ளும் எக்ஸ் என்ற விசை. விழி லென்ஸைத் தொட்டால் விரல் விசையைத் தொடும். நடுவில் மனம் என்று ஒன்று வேலை செய்ய வேண்டியதே இல்லை. அப்படிப் பழக்கியிருந்தான். அப்படிப் பழக்கியதில் பெருமையும் இருந்தது. இப்போது அந்த விரலைப் பார்த்தான். நகத்தடியில் மஞ்சள் கறை, சாம்பார்தான், காலையில் இட்லி தின்றது. ஆனால் கல்யாணத்து மஞ்சள் பதினைந்து நாளாகப் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றி விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஒருநாள் இந்த விரலுக்கும் கணக்குக் கேட்பார்கள் என்று ஏனோ தோன்றியது. யார் கேட்பார்கள்? அவள் கேட்பாள். பதினொன்றே காலுக்குக் கேட்பாள்.

முதல் படம் காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். பந்தக்கால் அருகில் வெற்றிலைக் கூடையை இடுப்பில் அணைத்தபடி, சொந்தக் கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலை அது, நெற்றி சுருங்க, மறுகை மார்பருகே இருக்க நிற்கிறார். இரண்டாவதில் கூடை கீழே இருக்கிறது. மூன்றாவதில் வாய் சற்றே திறந்திருக்கிறது. நான்காவது ஆறு நாற்பத்தொன்று, மணமேடையின் ஓரம். அதை அவன் இரண்டு முறை பெரிதாக்கினான், மூன்றாம் முறை சுருக்கினான், பிறகு வேறொரு திரையால் மூடினான். மூடினாலும் தெரிந்தது. அந்தக் கணம் அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதுதான் வினை. அவர் மேடையோரம் வந்து நின்றார். மணப்பெண் முகத்தில் விழுந்துகொண்டிருந்த வெளிச்சம் மறைந்தது. அவன் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஐயா, சித்தெ அக்கட்டால நகருங்க, பொண்ணு மூஞ்சிக்கு வெளிச்சம் மறைக்குது" என்றான். அவர் "தம்பி" என்றார். தம்பிக்குப் பிறகு ஒரு சொல் இருந்தது. நாயனம் உச்சத்தில் இருந்தது, சடங்கு நடத்தும் அருமைக்காரர் சீர் செய்ய யாரையோ சத்தம் போட்டு அழைத்துக்கொண்டிருந்தார், தம்பிக்குப் பிறகு வந்த அந்தச் சொல் அவன் காதில் விழவில்லை. "செரிங்க" என்பதாக இருக்கலாம். தம்பி, செரிங்க. அப்படித்தான் இருக்கும். நகரச் சொன்னால் மனிதர்கள் சரியென்றுதானே சொல்வார்கள். அவரும் நகர்ந்தாரே. ஆனால் தண்ணி என்றுகூட இருக்கலாம். தம்பி, தண்ணி. அல்லது, தம்பி, நெஞ்சு. படத்தில் வாய் திறந்திருக்கிறது, உதடுகள் சேரவில்லை, பற்களுக்கு நடுவே நாக்கின் நுனி. செரிங்க என்று அவன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், தண்ணி என்றும் சொல்லிப் பார்த்தான்; இரண்டுக்கும் நாக்கு ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் போயிற்று. மணி பத்து இருபத்தொன்று.

"ஏனுங் மாமா, தனியாப் பேசிட்டிருக்கறீங்?" என்று அடுத்த மேசையில் ஆல்பத்துக்குப் பக்கம் அடுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி சுகுணா திரும்பினாள். ஒன்றுமில்லை என்றான். "ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்க்குது? ஏசி பதினெட்டுல ஓடுது. நானே போர்வை போத்தலாமான்னு இருக்கறேன்." பிறகு தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாவம், அந்தப் புள்ளை வெறும் வயித்தோட வரும். கீழ போயி பன்னும் டீயும் சொல்லிட்டு வந்தர்றேன். அந்தப் படத்தைத் திறந்து வெச்சிருங்க, வந்ததும் அழுவும், அழுதுட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அந்தப் படம். ஊரில் இப்போது அந்தப் படம் என்றால் அது ஒன்றுதான். தாலி ஏறுகிற கணம், கெட்டிமேளம், எல்லாக் கைகளும் அட்சதையோடு உயர்ந்திருக்க, ஒரு கை மட்டும் மார்பின் மேல் விரிந்திருக்கிறது, குழந்தைசாமியின் கண்களில் நீர் ததும்பி நிற்கிறது. அந்த ஒரு படத்தில்தான் அவர் லென்ஸைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் தான் எடுத்த படங்களிலேயே உயர்ந்தது என்று அன்றே முடிவு செய்து, ஒரு தகப்பனின் நிறைவு என்று தலைப்பிட்டு இணையத்தில் போட்டான். ஆயிரமாயிரம் பேர் அழுதார்கள். முகம் தெரியாத பெண்கள் தங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டதாக எழுதினார்கள். மறுநாள் அவர் இறந்த செய்தி வந்ததும் படம் இன்னும் வேகமாகப் பரவியது. நெஞ்சு நிறைந்து போனார், கொடுத்து வைத்த மனிதர் என்றார்கள். பவதாரணியே அதைத் தன் இணையப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவனும் அழுதான். அந்த அழுகையில் ஓரமாக ஒரு மகிழ்ச்சி இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன இருக்கிறது, அறையில் ஒருவரும் இல்லை. ஆனால் முன்னும் பின்னும் ஏழு படங்களை வைத்து அந்தப் படத்தை நடுவில் வைத்துப் பார்த்தால், அந்தக் கை வேறு கை. ஆறு பன்னிரண்டிலிருந்தே அது அங்கேதான் போய்ப் போய் வருகிறது.

அவனே செய்த வேலை ஒன்று இப்போது முன்னால் வந்து நின்றது. இதை நினைக்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து மற்றவற்றை நினைத்துக்கொண்டிருந்தான். அந்தப் படம் கேமராவிலிருந்து வந்தபோது அவர் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மேடைக்குப் பின்னால் வைத்திருந்த எல்.ஈ.டி. திரையின் நிறம் முகத்தில் அடிக்கிறது என்று எண்ணினான். எத்தனையோ கல்யாணத்தில் அடித்திருக்கிறது. நீலத்தைக் குறைத்தான். மஞ்சளைக் கூட்டினான். நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வேர்வை. நவம்பர் மாதத்து விடியற்காலை, சனமெல்லாம் சால்வை போர்த்தியிருந்தது. அவன் வேர்வையைப் பொட்டுப் பொட்டாகத் தொட்டு அழித்தான். முப்பது பொட்டு இருக்கும். ஒவ்வொன்றாக, பொறுமையாக, பாட்டுக் கேட்டுக்கொண்டே. கன்னத்துக்குச் சிவப்புக் கொடுத்தான். ஒரு மனிதனின் உடம்பு தன்னால் இயன்ற மொழியிலெல்லாம் எழுதிக் காட்டியதை எழுத்து விடாமல் அழித்து, அதன் மேல் நிறைவு என்று எழுதினான். ஏசி உறுமியது. கீழே தெருவில் ஒரு பேருந்தின் காற்று ஒலிப்பான் நீளமாகக் கேட்டது. அவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். பத்து முப்பத்தைந்துதான். அது சத்தியமங்கலம் வண்டி. உட்கார்ந்தான். இடது தோளில் ஏதோ பிடித்தது. இது வெறும் பயம் என்று சொல்லிக்கொண்டான். அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அவர் என்ன சொன்னார் என்பதுதான் தெரியவில்லையே. தம்பி, அதற்குப் பிறகு?

அவர் வாயு என்று சொன்னார்; அது ரங்கசாமியிடம். ரங்கசாமி பெண் வீட்டார் ஊர்க்காரர், பழைய காலத்துப் போட்டோக்காரர். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பேரையும் அமர்த்தியிருந்தார்கள். வரிசையில் நிறுத்தி, "எல்லாரும் இங்க பாருங்க, ஆச்சு, கண்ணை மூடாதீங்க" என்று கத்துகிற வேலை அவருடையது. முதல் நாள் மாலை வரவேற்பின்போதே அவர் இவனைச் சீண்டினார்: "ஏப்பா லோகு, தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு ஒளிஞ்சு எடுக்கறயே, நீ போட்டோக்காரனா, துப்பறியறவனா?" "உங்க காலம் வேறங்ணா. இப்பக் கேமராவப் பாத்தா அது படமே இல்லீங்." "அப்பறம் சனம் எதைத்தான் பாக்கும்? என்ற மூஞ்சியப் பாத்தா பயந்து ஓடிப்போயிருமே!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், குழந்தைசாமியும் சிரித்தார். அந்த ரங்கசாமி மறுநாள் காலை, குடும்பப் படம் எடுக்க வரிசை கட்டியபோது, எடுப்பதை நிறுத்திவிட்டு, "மச்சான், மூஞ்சி என்ன இப்படி வாடிக் கெடக்குது? உக்காருங்க முதல்ல" என்று நாற்காலி இழுத்துப் போட்டுச் சோடா வாங்கிக் கொடுத்தார். வாயுங்க, நேத்துப் பந்தில கொஞ்சம் அதிகமாத் தின்னுபோட்டேன் என்று அவர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். ஏழாவது படம் அதுதான். மணி ஏழு நான்கு. நாற்காலி, காலிச் சோடாப் பாட்டில், சுற்றிலும் சனங்களின் முதுகு. ரங்கசாமியும் வேறு பக்கம் போய்விட்டார். எல்லா முதுகுகளுக்கும் நடுவே இருக்கிற ஒரு சந்தில், இருபதடி தூரத்தில், ஒரு நீண்ட லென்ஸ் தன்னையே நோக்கிக்கொண்டிருப்பதை அவர் கண்டிருக்கிறார். அந்த மண்டபத்தில் அந்த நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே கண் அது. பார்க்கிறவன் வருவான் என்று எண்ணியிருக்க மாட்டாரா? அவர் வலக்கை பாதி உயர்ந்திருக்கிறது, நிற்காத பேருந்துக்குக் கை காட்டுகிறவனைப் போல.

பேருந்து இப்போது அத்தாணி தாண்டிப் பவானி ஆற்றுப் பாலத்தில் ஏறியிருக்கும். சன்னலோரத்தில் அவள். ஆற்றை நினைத்ததும் அவன் மனம் தானாக ஒரு கதையைக் கட்டத் தொடங்கியது. பயந்த மனம் தன்னையே வழக்காடு மன்றத்தில் நிறுத்தும்போது கதையாகத்தான் பேசும். ஆற்றங்கரை ஊரொன்றில் ஒரு காவல்காரன் இருந்தானாம். மேற்கே மலையில் மழை பெய்தால் தண்ணீர் முதலில் நிறம் மாறும். நிறம் மாறினால் பறையடிக்க வேண்டும். ஊர் மேட்டுக்கு ஏறிவிடும். அவ்வளவுதான் அவன் வேலை. நாள்தோறும் தண்ணீரையே பார்த்திருந்ததால் அவனுக்குத் தண்ணீரின் அழகெல்லாம் தெரிந்தது, அது குற்றமில்லை. ஒரு நாள் காலை ஆறு செம்பருத்திப் பூவைக் கரைத்தது போல வந்தது. அப்படியொரு சிவப்பை அவன் கண்டதில்லை. இதன் பெயர் என்ன, இதை எப்படிச் சொன்னால் பிறருக்குப் புரியும் என்று உருகி நின்றான். பறை தோளில் தொங்கியது. கழி கையில் இருந்தது. அவனைக் காட்டிலும் கூர்மையாக அந்தச் சிவப்பைக் கண்டவர் அன்று உலகத்தில் எவருமில்லை. கண் கொடுக்கப்பட்டவர்களே, உங்களுக்குக் கண்ணோடு கூடவே கையும் காலும் கொடுக்கப்பட்டிருக்கின்றன; ஒன்றின் அழகில் மயங்கும்போது அது உங்களிடம் என்ன கேட்கிறது என்று ஒரு முறையாவது கேளுங்கள். அந்தக் காவல்காரன் பிழைத்துக்கொண்டானா என்று கதையில் இல்லை. லோகநாதனுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. பிழைத்திருந்தால் பிறகு யார் முகத்தில் விழித்தான்?

பத்து ஐம்பத்திரண்டு. ஏழு படங்களும் திரையில் தேர்ந்து நின்றன, நீலச் சட்டம் கட்டி. விரல் விசையின் மேல் இருந்தது, அமுக்கவில்லை. அழித்தால் என்ன? அந்தப் பெண்ணுக்கு நல்லதுதானே செய்கிறோம்? அப்பா நெஞ்சு நிறைந்து போனார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பதினைந்து நாளும் எழுந்து நடமாடுகிறாள். தான் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று தெரிந்தால், இனி எந்தக் கல்யாண நாளை அவள் கொண்டாடுவாள்? இது இரக்கம். ஆம், இரக்கம்தான். அப்படியானால் ஏன் உள்ளங்கை வேர்க்கிறது? இரக்கப்படுகிறவனுக்கு வேர்க்குமா? அவளுக்காக அஞ்சுகிறேன் என்று ஒரு குரல் சொல்லும்போதே, இணையத்தில் நாளை என்ன எழுதுவார்கள், அந்தியூர்ப் பக்கம் இனி எவன் கூப்பிடுவான், மாப்பிள்ளை வீட்டார் படியேறி வந்து சட்டையைப் பிடிப்பார்களா என்று இன்னொரு குரல் பட்டியல் போட்டது. அதற்கும் அடியில், பேச்சே இல்லாத இடத்தில், அந்த நான்காம் படத்துக் கண்கள் இருந்தன. அழித்துவிட்டால் அவை எங்கே போகும்? திரையிலிருந்து போகும். வருகிற முகூர்த்தத்தில் லென்ஸைத் தூக்கும்போது யாரோ ஒரு சித்தப்பாவின் முகத்தில் வந்து உட்காரும். இரக்கமும் கோழைத்தனமும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. பித்தானைக் கழற்றிப் பார்க்கத் துணிவில்லாதவன் இரண்டில் எதை வீட்டுக்குள் விட்டோம் என்று சாகும்வரை அறிய மாட்டான். அவன் விரலை எடுத்தான். மறுபடி வைத்தான். ஒன்றை மட்டும் அழிக்கலாம், நான்காவதை மட்டும், பேசியதை மட்டும். படத்தில் பேச்சு இல்லையே. பேச்சு அவனிடம் அல்லவா இருக்கிறது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது; சுகுணாவின் சத்தம்தான்; ஆனால் இரண்டு ஜோடிச் செருப்பு. "பைக்ல இவங்க பெரியப்பா பையன் வந்தாராம், பாலத்துலயே பஸ்ஸை உட்டு எறங்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் கதவைத் திறந்தாள். மணி பதினொன்று ஆகவில்லை. அவன் கை தானாக விசையை விட்டு மடியில் விழுந்தது. துணிந்து விட்டானென்று சொல்ல முடியாது, நேரம் முடிந்துவிட்டது.

பவதாரணி புதுத்தாலியின் மஞ்சள் மங்காமல், தூங்காத கண்களோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்று பார்த்ததற்குப் பாதியாகியிருந்தாள். டீயைக் கையில் வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தாள். திரையில் நீலச் சட்டத்தோடு நின்ற ஏழில் அவள் கண் நேராக நான்காவதற்குப் போயிற்று. "இதைப் பெருசு பண்ணுங்ணா." பண்ணினான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது.

"ஐயோ, எங்கப்பா! அப்படியே என்னமோ சொல்ல வர்ற மாதிரி இருக்குது பாருங்க. அந்தப் படத்துல வேற எங்கயோ பாத்துட்டு இருப்பாரு, வூட்டுல வெச்சா நம்மளைப் பாக்க மாட்டாரேன்னு அம்மா சொல்லிட்டே இருந்துச்சு. இது பாருங்க, நேரா நம்மளப் பாக்கறாரு." அவள் திரும்பினாள். "இவ்வளவு நல்ல படத்தை எதுக்குங்ணா ஒதுக்குனீங்க?"

"கேமராவப் பாத்தா ஒதுக்கீருவோமுங்க, அம்மிணி."

"இதுல கேமராவயா பாக்கறாரு? யாரைப் பாக்கறாரு?"

உங்களைத்தானுங்க. விடை ஆயத்தமாக நாக்கில் இருந்தது. அவள் மேடையில் அவனுக்குப் பின்புறம் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் போதும். அந்தப் பொய்யை அவள் நன்றியோடு வாங்கி ஆயுள் முழுவதும் பூசையறையில் வைத்துக்கொள்வாள். சுகுணா பன்னைப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

"என்னையுங்க" என்றான். "நெஞ்சு வலிச்சிருக்குது போல. அப்பத் தெரியலீங். எங்கிட்ட என்னமோ சொல்ல வந்தாரு. தம்பின்னாரு. நான் வெளிச்சம் மறைக்குது, நகருங்கன்னு சொல்லிப்போட்டேன்."

சுகுணாவின் கை நின்றது. பவதாரணி கோப்பையை மேசையில் வைத்தாள். வைக்கும்போது டீ தளும்பிச் சற்றுச் சிந்தியது. அந்தப் படத்தில் இல்லாத வேர்வையையும் உதட்டு நீலத்தையும் திரையில் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"தம்பின்னதுக்கப்பறம்?"

"கேக்கலீங், அம்மிணி. மேளம். காலையிலிருந்து அதைத்தான் தேடிட்டிருக்கறேன்."

"அப்பா நகந்தாருங்களா?"

"நகந்தாருங்க."

"ஆமா, நகந்துக்குவாரு" என்றாள் மிக மெதுவாக. பிறகு, "மத்த ஆறையும் காட்டுங்க. முதல்லருந்து. அந்த வேர்வை, நெறம் எதையும் தொடாதீங்க" என்றாள்.

அவன் முதல் படத்தைத் திறந்தான். அவள் அதைப் பார்க்கவில்லை. திரும்பி, அழாத கண்களால், அவனை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. மன்னிப்பு என்று எண்ண அவனுக்கு உரிமையில்லை. பதினான்கு வருடங்களாகத் தன்னை நேராகப் பார்த்த எந்தக் கண்ணையும் அவன் வைத்துக்கொண்டதில்லை. வலக்கையின் சுட்டுவிரல் பழக்கத்தால் ஒரு முறை துடித்தது. பயம் சிறிதும் குறையவில்லை. முகத்தைத் திருப்பாமல், அந்தப் பயத்தோடேயே, அவன் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.